பில்லா, நாட்காசா, கிலோமீற்றர் கணக்கா? மட்டக்களப்பு, அம்பாறை நிறுவனங்களின் பயணக் கொள்கை குறித்து ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பைத் தலைமையிடமாகக் கொண்டு, வாழைச்சேனையிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கிளை வைத்து, நாற்பது ஐம்பது பேரோடு இயங்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அது மருந்து விநியோகிக்கும் நிறுவனமாக இருக்கலாம். நுண்கடன் கொடுப்பதாகவோ பசளையும் விதைநெல்லும் விற்பதாகவோ இருக்கலாம். எதுவானாலும் அதன் ஆட்கள் நாள்தோறும் வீதியில்தான் இருக்கிறார்கள். முகாமையாளரிடம் எந்தச் செலவு கைமீறிப் போகிறது என்று கேட்டால் பயணச் செலவைச் சொல்வார். ஊழியரிடம் எதில் மனக்குறை என்று கேட்டால், சம்பளத்துக்கு அடுத்தபடியாக அவரும் பயணக் காசைத்தான் சொல்வார். ஒரே பணத்தைப் பற்றி இரு பக்கமும் குறைபடுவதற்குத் தொகை காரணமாக இருப்பது அரிது. அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது, எப்போது கைக்கு வருகிறது என்பவையே பெரும்பாலும் காரணமாகின்றன.

நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. செலவழித்த பிறகு பில் காட்டிப் பணம் பெறுவது ஒன்று. நாளுக்கு இவ்வளவு என்று நாட்காசாகவோ, மாதத்துக்கு இவ்வளவு என்றோ நிலையான கொடுப்பனவு தருவது இன்னொன்று. சொந்த வாகனத்தில் ஓடிய தூரத்துக்குக் கிலோமீற்றர் கணக்கில் கொடுப்பது மூன்றாவது. நிறுவனமே வாகனத்தையும் பயணச்சீட்டையும் அறையையும் ஏற்பாடு செய்வது நான்காவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து எல்லாப் பயணங்களுக்கும் பொருத்த முயலும் நிறுவனம் காசையும் இழக்கும், ஆட்களின் மனத்தையும் இழக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் அன்றாட ஓட்டமும், கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையிலான பஸ் பயணமும், கொழும்புக்கு இரவோடு இரவாகப் போவதும் வெவ்வேறு தன்மையுடையவை. அவற்றுக்கு வெவ்வேறு விதிகள் வேண்டும்.

பில் காட்டிப் பணம் பெறும் முறையைக் கணக்காளர்கள் விரும்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. செலவழித்தது மட்டுமே திருப்பிக் கொடுக்கப்படுகிறது. கணக்காய்வின்போது ஒவ்வொரு ரூபாவுக்கும் ஒரு தாள் இருக்கிறது. வரியைப் பொறுத்தவரையும் இது தெளிவானது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, பிரயாணக் கொடுப்பனவு ஊழியரின் தொழில் வருமானத்தில் சேரும். தொழில் வழங்குநரின் சார்பில் செலவழித்ததைத் திருப்பிக் கொடுப்பது அதில் சேராது. மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் பெற்று வருமான வரி கட்டும் உத்தியோகத்தர்களுக்கு இந்த வேறுபாடு கையில் கிடைக்கும் தொகையையே மாற்றும்.

ஆனால் இந்த முறை, பில் தரும் ஊருக்காக வகுக்கப்பட்டது. குருமண்வெளித் துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போனவரிடம் என்ன பில் கேட்பது? செங்கலடிச் சந்தியிலிருந்து கரடியனாறுக்கு முச்சக்கரவண்டி பிடித்தவருக்குச் சாரதி எதைக் கிழித்துக் கொடுப்பார்? கிளையொன்றிலிருந்து வரும் மாதக் கோப்பைப் பிரித்தால் இதன் விளைவு தெரியும்: கொப்பித் தாளை நான்காகக் கிழித்து எழுதிய துண்டுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சாரதியின் கையொப்பம், எல்லாவற்றிலும் ஒரே பேனையின் மை. எழுதியவர் திருடவில்லை, உண்மையாகவே செலவழித்த காசைப் பெறுவதற்கு, கொள்கை கேட்ட தாளை அவர் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். நேர்மையான ஆளைப் பொய்த்துண்டு எழுதப் பழக்கும் விதி மோசமான விதி. ஒருமுறை பழகிய கை, அடுத்த முறை தொகையைக் கூட்டி எழுதத் தயங்காது. அதோடு, நூறு இருநூறு ரூபாத் துண்டுகளை ஒட்டி, கூட்டி, சரிபார்க்கும் எழுதுநரின் நேரத்துக்கும் நிறுவனமே சம்பளம் கொடுக்கிறது என்பதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த முறையின் பெருங்குறை காலதாமதம். அக்கரைப்பற்றுக் கிளையில் மாத முடிவில் எழுதப்படும் கோரிக்கைப் படிவம் கிளை முகாமையாளரின் கையொப்பத்துக்குக் காத்திருந்து, மட்டக்களப்புக்கு வந்து, கணக்குப் பிரிவில் ஒரு கேள்வியோடு திரும்பிப் போய், மறுபடி வந்து, காசாக மாறும்போது அடுத்த மாதம் பாதி கடந்திருக்கும். அதுவரை பெற்றோல் அடித்தது யார் காசு? மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வெளிக்கள உத்தியோகத்தர், மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை ஆறு வாரங்களுக்கு நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார். அதற்காகத் தெரிந்த கடையில் கைமாற்று வாங்குகிறார், அல்லது வீட்டு நகையை அடகு வைக்கிறார். திருப்தியைப் பற்றிப் பேசும் எந்தக் கொள்கையும் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொடுக்கும் தொகையை ஒரு ரூபாகூட உயர்த்தாமல், மாத ஆரம்பத்தில் முற்பணம் கொடுத்து, மீதியை ஒவ்வொரு வாரமும் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டாலே மனக்குறையின் பெரும்பகுதி நீங்கிவிடும். இதற்கு நிறுவனம் கொடுக்கும் விலை, சில இலட்சம் ரூபாவை நிரந்தரமாகச் சுழற்சியில் விட்டுவைப்பது மட்டுமே.

நிலையான கொடுப்பனவு, பில் முறையின் தொல்லைகளை ஒரே வீச்சில் ஒழித்துவிடுகிறது. மாதம் இவ்வளவு பெற்றோல் காசு என்று சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் தாளும் இல்லை, தகராறும் இல்லை. பாதீடு போடுவதும் எளிது. பல சிறு நிறுவனங்கள் இதைத்தான் செய்கின்றன. ஆனால் வெளிக்களத்தைப் பொறுத்தவரை நான்கு வழிகளுள் இதுவே மிக ஆபத்தானது. அதற்கான காரணங்கள் இரண்டு.

முதலாவது, ஓடினாலும் ஓடாவிட்டாலும் காசு ஒன்றே என்றால், ஓடாமல் இருப்பதே ஊழியருக்கு இலாபம். கல்லடியிலும் காத்தான்குடியிலும் உள்ள வாடிக்கையாளர்களை அவர் வாரம் இருமுறை பார்ப்பார். வாகரைக்கு மாதம் ஒருமுறை போவதும் அருகும். தூரத்துக் கிராமங்கள் மெல்லக் கைவிடப்படும். அதன் இழப்பு பயணச் செலவுக் கணக்கில் தெரியாது, விற்பனைக் கணக்கிலோ அறவிடாக் கடன் கணக்கிலோ பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

இரண்டாவது காரணத்தை 2022ஆம் ஆண்டு நமக்கு நன்றாகக் காட்டியது. அந்த ஆண்டு ஜனவரியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றருக்கு 177 ரூபா. ஜூன் மாத இறுதியில் 470 ரூபா. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு, லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்று வைத்தால், 25 லீற்றர் தேவை. அதன் விலை ஜனவரியில் 4,425 ரூபா, ஜூன் முடிவில் 11,750 ரூபா. ஆண்டுத் தொடக்கத்தில் தாராளமாக 6,000 ரூபா என்று நிர்ணயித்த நிறுவனம்கூட, அரையாண்டுக்குள் தன் ஊழியரின் சம்பளத்திலிருந்து எரிபொருளுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் ரூபா எடுத்துக்கொண்டிருந்தது. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர், அதாவது 160 கிலோமீற்றர். 250 கிலோமீற்றர் வேலைத்திட்டம் அதற்குள் அடங்காது. எரிபொருள் தட்டுப்பட்டால் பயணத் திட்டத்தையும் விற்பனை இலக்கையும் சேர்த்தே குறைப்போம் என்ற ஒரு வரியை அன்று தம் கொள்கையில் வைத்திருந்த நிறுவனங்கள் மிகக் குறைவு. அந்த வரியை இன்று சேர்ப்பதற்குச் செலவேதும் இல்லை.

ஆகவே வெளிக்களத்துக்குக் கிலோமீற்றர் கணக்கே பொருத்தம். அதை எப்படி வகுப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கட்டணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எரிபொருளுக்கான பங்கு, அந்த மாதப் பெற்றோல் விலையை 40ஆல் வகுத்தால் வருவது. தேய்மானத்துக்கான பங்கு, டயர், எண்ணெய், செயின், பிரேக், சேர்விஸ், வண்டியின் மதிப்புக் குறைவு ஆகியவற்றுக்காக ஆண்டுக்கொருமுறை நிர்ணயிக்கப்படுவது. கணக்குக்காகப் பெற்றோல் 300 ரூபா என்றும் தேய்மானம் 7.50 ரூபா என்றும் கொண்டால், கிலோமீற்றருக்கு 7.50 உடன் 7.50 சேர்ந்து 15 ரூபா. பெற்றோல் 360 ஆனால் 16.50 ரூபா. எரிபொருள் விலை மாதந்தோறும் மீளாய்வு செய்யப்படுவதால், மாத முதல் நாளில் புதிய கட்டணத்தை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். எவரும் எவரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. விலை இறங்கும்போது கட்டணமும் இறங்கும் என்பதை ஊழியர்கள் ஏற்றுக்கொள்வார்கள், ஏறும்போது தாமதமின்றி ஏறுவதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தால்.

வெறும் எரிபொருட் காசை மட்டும் கொடுத்துவிட்டு அதைப் பயணச் செலவு என்று சொல்லும் வழக்கத்தை இங்கே அழுத்தமாக மறுக்க வேண்டியிருக்கிறது. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் கிரவல் வீதிகளில் ஓடும் வண்டியின் டயரும் ஷொக் அப்சோர்பரும் நகரத்தில் ஓடும் வண்டியைவிட வெகு விரைவில் போய்விடும். அந்தத் தேய்மானம் ஊழியரின் தலையில் விழுந்தால், அவர் தன் சொத்தைச் சிறிது சிறிதாக நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றே பொருள்.

கிலோமீற்றர் கணக்கில் பொய் வராதா என்று முகாமையாளர்கள் கேட்பார்கள். மீற்றரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வதும், கைபேசியில் இடங்காட்டியைப் பொருத்திப் பின்தொடர்வதும் சில நிறுவனங்களின் வழி. முதலாவது தொல்லை, இரண்டாவது அவமதிப்பு. இதைவிட எளிய வழி, தூர அட்டவணை. ஒவ்வொரு கிளையிலிருந்தும் அது போகும் கிராமங்களுக்கான தூரத்தை ஒருமுறை ஊழியர்களோடு சேர்ந்து அளந்து, எழுதி, ஒட்டிவிட வேண்டும். அன்று எந்தக் கிராமங்களுக்குப் போனார் என்பது விற்பனைப் பதிவிலோ கடன் அறவீட்டுப் பதிவிலோ எப்படியும் இருக்கும். தூரம் அதிலிருந்து தானாக வரும். அட்டவணையை ஆண்டுதோறும் திருத்த வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகும் தூரங்கள் ஒரே நாளில் மாறின. வருங்காலத்தில் புதிய பாலமோ வீதியோ வரும்போதும் அப்படியே மாறும். மாரியில் அட்டவணை செல்லாது என்பதையும் அதிலேயே எழுதிவைக்க வேண்டும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் வவுணதீவுப் பக்கம் வெள்ளம் ஏறும். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் தோணியில்தான் கடக்க வேண்டும். அந்நாட்களில் சுற்றுவழித் தூரத்துக்கும் தோணிக் காசுக்கும் ஊழியரின் ஒரு வரிக் குறிப்பே போதுமான சான்றாக இருக்கட்டும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு விதி செலவைப் பற்றியதன்று. ஆனாலும் பயணக் கொள்கையில்தான் அதற்கு இடம். வெள்ளம் பாயும் வீதியைக் கடப்பதா திரும்புவதா என்று ஊழியர் தீர்மானித்தால், அந்தத் தீர்மானத்தை எவரும் கேள்வி கேட்கக் கூடாது. போகாத அந்த நாளின் இலக்கும் கழிக்கப்பட வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் புரண்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்ததை இந்தக் கரையில் எவரும் மறக்கவில்லை. யானை நடமாட்டமுள்ள வெல்லாவெளி, பட்டிப்பளைப் பிரதேசங்களிலிருந்து மாலை மங்குமுன் திரும்பிவிட வேண்டும் என்பதற்கும் இதே நியாயம் பொருந்தும். வேலை முடியாவிட்டால் மறுநாள் மீண்டும் போகும் கிலோமீற்றருக்குக் கேள்வியில்லாமல் கொடுப்பது, நிறுவனம் செய்யக்கூடிய மிக மலிவான காப்புறுதி.

கிளைகளுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையிலான பயணத்தில் விவாதிக்க அதிகமில்லை. மட்டக்களப்பு – கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர், வாழைச்சேனை ஏறத்தாழ 30. பஸ் அடிக்கடி ஓடுகிறது. பஸ் கட்டணத்தையும் இரு முனைகளிலும் முச்சக்கரவண்டிக்கான தொகையையும் சேர்த்து, இந்தக் கிளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வைத்துவிட்டால் போதும். மூன்று பேருக்கு மேல் ஒரே நாளில் வருவதானால் வாடகை வான் மலிவாகலாம். ஒரு மணிநேரக் கூட்டத்துக்காகப் பொத்துவிலிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் ஒருவரை அழைப்பதற்கு முன், அதைத் தொலைபேசியில் முடிக்க முடியாதா என்று பார்ப்பது எந்தக் கட்டண விதியையும்விடப் பயன்தரும்.

கொழும்புப் பயணம் வேறு வகையானது. இதற்கு நிறுவனமே ஏற்பாடு செய்யும் முறையும் நாட்காசும் கலந்து வர வேண்டும். பயணச்சீட்டை நிறுவனம் எடுக்கட்டும். புகையிரதத்தில் முற்பதிவு இருக்கை மலிவானது, பகலில் உதயதேவி போன்ற வண்டிகளும் இரவில் வேறு வண்டிகளும் உண்டு. சொகுசு பஸ்கள் கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கமிருந்தும் இரவில் புறப்படுகின்றன. புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிவதால், அம்பாறை மாவட்டக் கிளைகளுக்கு பஸ்ஸே இயல்பான தெரிவு. இங்கு செலவை ஏற்றுவது பெரும்பாலும் ஊழியரின் ஆடம்பரமன்று, அனுமதியின் தாமதம். கூட்டம் இன்னதேதி என்று தெரிந்தும் பயண அனுமதி கடைசி நாளில் கையொப்பமானால், முற்பதிவு இருக்கைகள் தீர்ந்திருக்கும். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, பெருநாட்களை ஒட்டி நிச்சயமாகத் தீர்ந்திருக்கும். பிறகு வாடகைக்கு வான் பிடிக்க வேண்டிவரும். குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட பயணத்தைக் கிளை முகாமையாளரே அனுமதிக்கலாம் என்று அதிகாரத்தைக் கீழே இறக்கினால் இந்தச் செலவு தானாகக் குறையும்.

இரவில் ஏறி, காலையில் கூட்டம் முடித்து, மறுபடி இரவில் ஏறித் திரும்புவது அறைச் செலவை மிச்சப்படுத்துகிறது என்பதால் பல முகாமையாளர்களுக்கு அது பிடித்த வழி. உண்மையில் அறை வாடகை நீங்கவில்லை. ஊழியரின் இரண்டு இரவுத் தூக்கமாக அது மாறியிருக்கிறது. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரும் என்ற உறுதியும் இல்லை. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பு மார்க்கத்தில் ஓடும் மீனகயா புகையிரதம், ஹபரணைப் பக்கத்துக் காட்டில் யானைக் கூட்டத்தில் மோதி, ஆறு யானைகள் இறந்து, வண்டியும் தடம் புரண்டது. காலைக் கூட்டத்துக்கு இரவு வண்டியை நம்புவது அப்படியொரு பாதையில்தான். என் பரிந்துரை இதுதான்: இரண்டு இரவும் பயணத்தில் கழிந்தால் திரும்பிய நாள் முழுவதும் சம்பளத்துடன் ஓய்வு, அதை விரும்பாதவருக்கு ஓர் இரவு அறை. தெரிவை ஊழியரிடம் விடலாம். அறைக்கு உச்ச வரம்பும் பில்லும் வேண்டும், ஏனெனில் விடுதிகள் பில் தரும். ஆனால் அந்த வரம்பு முகாமையாளருக்கு ஒன்று, வெளிக்கள உத்தியோகத்தருக்கு ஒன்று என்று இருக்க வேண்டியதில்லை. ஒரே கூட்டத்துக்குப் போன இருவரில் ஒருவர் ஹோட்டலிலும் மற்றவர் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் படுத்தால், அந்தக் கதை கிளை முழுவதும் பேசப்படும். அதில் மிஞ்சிய காசு அந்தக் கசப்புக்கு ஈடாகாது.

சாப்பாட்டுக்கு மட்டும் நாட்காசே சரி. பில் கேட்கவே கூடாது. நம் அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவர்கள் இருக்கிறார்கள், ஹலால் கடை தேடிப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள், வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். பில் முறையில் வீட்டுச் சோற்றுக்குக் காசில்லை என்றால், கட்டிக் கொடுத்த வீட்டாரின் உழைப்புக்கு விலையில்லை என்றாகிறது. ரமழானில் நோன்பிருக்கும் ஊழியர் மதியச் சாப்பாட்டுக்குப் பில் கொடுக்க மாட்டார். ஆனால் வழியில் நோன்பு திறக்கிறார், ஸஹருக்கும் சாப்பிடுகிறார். நாளுக்கு ஒரு தொகை என்று எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டால் எவரும் தன் சமயத்தையோ வயிற்றையோ கணக்காளருக்கு விளக்க வேண்டியதில்லை.

பெண் ஊழியர்களுக்கென்று இரண்டு விதிகளைத் தனியே எழுதிவைக்க வேண்டும். இருட்டிய பிறகு பஸ் நிலையத்திலிருந்தோ புகையிரத நிலையத்திலிருந்தோ வீட்டுக்குப் போகும் முச்சக்கரவண்டிக் காசு, முன் அனுமதியோ பில்லோ இன்றிக் கொடுக்கப்பட வேண்டும்; வெளியூரில் தங்க நேர்ந்தால் தனியறை வேண்டும். இவை எழுத்தில் இல்லாதபோது, வெளிக்கள வேலையில் சேர்ந்த திறமையான பெண்கள் ஓரிரு ஆண்டுக்குள் மேசை வேலை கேட்டு மாறுகிறார்கள். நிறுவனமோ அதைக் குடும்பக் காரணம் என்று பதிந்து வைக்கிறது.

நிறுவனமே வாகனம் வாங்கிச் சாரதியோடு வைத்துக்கொள்ளும் வழியை, பொருள் ஏற்றும் விநியோக நிறுவனங்களுக்கு மட்டுமே பரிந்துரைக்க முடியும். மற்றவர்களுக்கு வண்டி பாதி நாள் முற்றத்தில் நிற்கும். மீதிப் பாதியை யார் எடுப்பது என்பதில் புதிய தகராறு பிறக்கும்.

இந்த விதிகளைச் சோதனையாகத் தொடங்குவதானால் ஒக்டோபரில் தொடங்குவது நல்லது. கோடையில் தொடங்கினால் எல்லாக் கணக்கும் அழகாக வரும். மழை பிடிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதங்களில்தான் தூர அட்டவணையும் முற்பணமும் தாக்குப்பிடிக்கின்றனவா என்று தெரியும். அந்நாட்களில் மூன்று விடயங்களைக் குறித்து வர வேண்டும்: வாடிக்கையாளர் ஒருவரைச் சந்திப்பதற்கு ஆன பயணச் செலவு, கோரிக்கை எழுதிய நாளுக்கும் காசு கைக்கு வந்த நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள், வாகரை, வெல்லாவெளி போன்ற தூரப் பிரதேசங்களுக்குப் போன தடவைகள். இவற்றைப் பெப்ரவரியில் எல்லாக் கிளைகளிலிருந்தும் ஒவ்வொரு வெளிக்கள உத்தியோகத்தரை அழைத்து, கணக்காளரோடு ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கும் நிதியாண்டின் பாதீட்டுக்குள் திருத்திய கட்டணங்களைச் சேர்த்துவிடலாம்.